அதிகம் ஓடிய மலிவு பிக்கப்: வாங்கலாமா, விடலாமா?

பத்து வயதான பொலிரோ பிக்கப் ஒன்று விலைக்கு வருகிறது. மீட்டரில் இரண்டு லட்சம் கிலோமீட்டர். கேட்கிற விலை புது வண்டியின் விலையில் கால்வாசிகூட இல்லை. வாங்கலாமா? கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இதற்கான விடையில் பாதி வண்டியில் இருக்கிறது, மறுபாதி அது ஓடப்போகும் சாலையில் இருக்கிறது. உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் இன்னும் ஐந்து வருடம் உழைக்கக்கூடிய வண்டி, கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலைக்கு லோடு ஏற்றினால் ஐந்து மாதத்தில் கடனாளி ஆக்கிவிடலாம். ஆகவே இந்த அத்தியாயம் வண்டியில் தொடங்கவில்லை, உங்கள் வேலையில் தொடங்குகிறது.

வேலை எது?

ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: என்ன லோடு, எந்த வழி, மாதம் எத்தனை நடை.

சின்னசேலம் பக்கம் மக்காச்சோள மூட்டை, தியாகதுருகம் பக்கம் நெல், கச்சிராயபாளையம் பக்கம் உரம், தீவனம் என்றால் சமவெளி வேலை. கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளியைக் கீழே இறக்குவது வேறு வேலை. கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைத் தாண்டி கரியாலூர், வெள்ளிமலை நோக்கிப் போகும் சாலையில் ஏறும்போது எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் சோதனை. இறங்கும்போது பிரேக்குக்குச் சோதனை. அதிலும் இங்கே வண்டி பெரும்பாலும் காலியாக ஏறி, லோடோடு இறங்குகிறது. எனவே மலை வேலைக்கு வாங்கும் வண்டியில் எஞ்சினின் இழுவையைவிடப் பிரேக்கை முதலில் பாருங்கள்.

அவசரத்தின் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். மரவள்ளிக் கிழங்கு தோண்டிய இரண்டு மூன்று நாளிலேயே கெடத் தொடங்கும். ஆலைக்குத் தாமதமாகப் போனால் மாவுச்சத்து குறையும், விலையும் குறையும். பால் கேன் ஒரு வேளைகூடக் காத்திருக்காது. செங்கல்லும் எருவும் வாரக்கணக்கில் காத்திருக்கும். பழைய வண்டி எப்படியும் சில நாள் பட்டறையில் நிற்கும். அந்த நாளைத் தாங்கக்கூடிய லோடா உங்களுடையது என்பதே முதல் கேள்வி. தினமும் பால் எடுக்கும் லைனுக்கு இருப்பது ஒரே வண்டிதான், அதுவும் இரண்டு லட்சம் ஓடியது என்றால், மேற்கொண்டு படிக்க வேண்டாம். வேறு வண்டி பாருங்கள்.

எந்த வண்டி?

இங்கே கைமாறும் சிறு சரக்கு வண்டிகளில் அதிகம் கண்ணில் படுபவை மூன்று. 2005ல் வந்த டாடா ஏஸ், நம் ஊரில் குட்டியானை. பழைய ஏஸில் இருப்பது இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். ஊருக்குள் முக்கால் டன் ஏற்றி இறக்கச் சிக்கனமானது. அதே லோடோடு தினமும் மலை ஏற அது செய்யப்பட்டதல்ல. அடுத்தது 2011ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த். ஒன்றேகால் டன் ரகம், சமவெளிக்கு நல்ல வண்டி. மூன்றாவது மஹிந்திரா பொலிரோ பிக்கப். இரண்டரை லிட்டர் எஞ்சின், உயரமான அடிப்பாகம். மலைக்கு ஏற்றது என்று பெயர் வாங்கியதால் பழைய வண்டிக்கும் விலை இறங்காது. மூன்றுக்கும் கள்ளக்குறிச்சியிலேயே மெக்கானிக்கும் உதிரிபாகமும் கிடைக்கும். இவை தவிர்த்த அபூர்வ வண்டி மலிவாக வந்தால், அந்த மலிவுக்குக் காரணம் உதிரிபாகத் தட்டுப்பாடாக இருக்கலாம்.

2020 ஏப்ரலுக்குப் பின் விற்ற வண்டிகள் பிஎஸ்-6. அவற்றில் புகையைச் சுத்தம் செய்யும் அமைப்பும் சென்சார்களும் கூடுதல். அதிகம் ஓடிய பிஎஸ்-6 டீசல் வண்டியில் அந்தப் பகுதி பழுதானால் செலவு பெரிது. ஓரத்துப் பட்டறையில் கைவைத்துச் சரிசெய்யவும் முடியாது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனபின் அணைய வேண்டும். சாவி திருப்பும்போதே அது எரியவில்லை என்றால் விளக்கைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கொள்ளுங்கள்.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

புரோக்கர் சொல்லும் முதல் வாக்கியம் தெரிந்ததுதான்: "அண்ணே, சிங்கிள் ஓனர், எஞ்சினைத் தொடாத வண்டி." தொடாத எஞ்சின் என்பதை அப்படியே நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு லட்சம் ஓடியும் தொடவில்லை என்றால் அந்தச் செலவு உங்களுக்காகக் காத்திருக்கலாம். ரசீதோடு எஞ்சின் இறக்கி வேலை பார்த்த வண்டியே பல நேரம் மேல்.

மீட்டரை வகுத்துப் பாருங்கள். பத்து வருட வண்டியில் 80,000 காட்டினால் வருடத்துக்கு 8,000, நாளைக்கு 22 கிலோமீட்டர். வாடகைக்கு ஓடிய வண்டி நாளைக்கு 22 கிலோமீட்டரா ஓடியிருக்கும்? மீட்டரைக் குறைப்பது கடினமான வேலை அல்ல. டிஜிட்டல் மீட்டரையும் குறைக்கிறார்கள். ஆனால் பிரேக், கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்மானத்தையும், வழவழத்துப்போன ஸ்டீரிங்கையும், குழிந்த டிரைவர் சீட்டையும் மறைப்பது கடினம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். உரிமையாளரையே அழைத்துப்போய் அந்தச் சரித்திரத்தைக் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், அந்தக் கிலோமீட்டர் எங்கே ஓடியது என்பது. நெடுஞ்சாலையில் நான்காம், ஐந்தாம் கியரில் ஓடிய இரண்டு லட்சத்தைவிட, கரும்புத் தோட்டத்துச் சேற்றிலும் மலையின் இரண்டாம் கியரிலும் ஓடிய ஒரு லட்சம் வண்டியை அதிகம் தின்றிருக்கும். முந்தைய உரிமையாளரின் ஊரும் தொழிலும் தெரிந்தால் மீட்டரைவிட நம்பகமான தகவல் கிடைத்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் வெள்ளம் புகுந்தது. தண்ணீரில் நின்ற வண்டிகள் கழுவிச் சந்தைக்கு வருவது ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் நடப்பதுதான். சீட்டுக்கு அடியில் உள்ள ரெயிலில் துரு, டேஷ்போர்டுக்கு உள்ளே வண்டல், ஹெட்லைட்டுக்குள் நீர்க்கறை, ஒயர் இணைப்புகளில் பச்சைப் பூப்பு: இவற்றில் இரண்டு தெரிந்தாலே போதும், விட்டுவிடலாம்.

காகிதத்தை முதலில் பாருங்கள்

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே பதிவு எண்ணை வாங்கி, பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ போடுங்கள். எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், வரி எந்தத் தேதி வரை, அடமானம் இருக்கிறதா, அபராதச் சலான் நிலுவையா என்பது தெரியும்.

எஃப்சி: எட்டு வயது வரை சரக்கு வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடந்தோறும் எடுக்க வேண்டும். பத்து வயது வண்டி என்றால் ஒவ்வொரு வருடமும் பெயின்ட், டிங்கரிங், லைட், பிரேக் வேலை பார்த்துத்தான் எஃப்சிக்குக் காட்ட முடியும். வயது ஏறினால் கட்டணமும் ஏறும். "எஃப்சி முடியப் போகுது, அதான் விலை கம்மி" என்றால், அந்த வேலையின் செலவை மெக்கானிக்கிடம் கேட்டு விலையில் கழியுங்கள்.

எடை: ஆர்சியில் வெற்று எடையும் மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நீங்கள் சட்டப்படி ஏற்றக்கூடிய சரக்கு. உதாரணமாக 2,990 கிலோவில் 1,700ஐக் கழித்தால் 1,290 கிலோ. பல பிக்கப்கள் 3,000க்குச் சற்றுக் கீழே நிற்பது தற்செயல் அல்ல. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவுப்படி பெர்மிட் தேவையில்லை. தாண்டினால் பெர்மிட்டும் வேண்டும். அதிக லோடுக்கு 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. இரண்டு டன் ஏற்றினால்தான் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டு ஒன்றேகால் டன் வண்டி வாங்காதீர்கள்.

லைசென்ஸ்: இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதிசெய்தது. பிக்கப்புக்குத் தனி பேட்ஜ் வேண்டியதில்லை.

அடமானம்: ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35ம் வராமல் முழுப் பணம் தரக் கூடாது. டியூ கட்டாமல் தூக்கப்பட்ட வண்டி மலிவாக வரும். ஆனால் விற்பவர் உண்மையில் யார், ஃபைனான்ஸ் நிறுவனமா, ஏலத்தில் எடுத்தவரா, அல்லது யார்டில் நிற்கும் இடைத்தரகரா என்பது எழுத்தில் தெரிய வேண்டும்.

கடைசியாக, சேஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் நேரில் பார்த்து ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சேஸ் எண்ணைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங், அரம் போட்ட தடம், புதுப் பெயின்ட் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

காலையில் போங்கள்

சூடான எஞ்சின் நன்றாகத்தான் ஸ்டார்ட் ஆகும். முந்தின இரவே சொல்லிவைத்து, வண்டியை எடுக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். காலையில் போய் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் பண்ணிவைத்திருக்கிறார்கள்.

குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட்டைப் பாருங்கள். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால் உள்ளே துரு இருக்கும். எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் பால் கலந்த டீ போல இருந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது அல்லது ஹெட் விரிசல். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் புகையைப் பாருங்கள். நீலப் புகை நீடித்தால் ஆயில் எரிகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது கரும்புகை தொடர்ந்து வந்தால் நாசில், பம்ப், ஏர் ஃபில்டர் பக்கம் வேலை. சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் கம்ப்ரஷன் குறைவு அல்லது உள்ளே தண்ணீர் கசிவு.

எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். லேசான ஆவி சகஜம். மூடியைத் தள்ளும் வேகத்தில் புகை அடித்தால் பேக் கம்ப்ரஷன். ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது. எஞ்சின் இறக்கும் செலவை அப்போதே மனதில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். எஞ்சினைச் சரிசெய்யலாம், வளைந்த சேஸை முழுதாகச் சரிசெய்ய முடியாது. சேஸில் ஒட்டுப் பட்டை வைத்து வெல்டிங் செய்த இடம், இரண்டு பக்கமும் சமமில்லாத உயரம், ஸ்பிரிங் பட்டையில் உடைசல், கூடுதலாகச் செருகிய பட்டை ஆகியவை ஓவர்லோடு ஓடியதன் சாட்சி. பின் டிரம்மின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் ஆயில் சீல் போய் பிரேக் லைனிங்கில் எண்ணெய் படிகிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் அதன் பிறந்த தேதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வயது டயரை மலைக்கு நம்பாதீர்கள். முன் டயர் ஒரு ஓரமாக மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் மட்டுமல்ல, பால் ஜாயின்ட், புஷ் எல்லாவற்றையும் சந்தேகியுங்கள்.

இந்த வேலைக்கு உங்கள் மெக்கானிக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் விற்பவருடைய ஆள்.

மலையில் ஓட்டிப் பாருங்கள்

விற்பவர் வண்டியைத் தார்ச்சாலையில் நேராக ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவார். உங்கள் வேலை மலையில் என்றால் அது சோதனையே அல்ல. அரை டன் மூட்டை ஏற்றி, கோமுகி அணை தாண்டி மலைச்சாலையில் ஏறச் சொல்லுங்கள். பிரேக்கைச் சமவெளியில் பலமுறை அழுத்திச் சோதித்த பிறகே மலைக்கு எடுங்கள். "அவ்வளவு தூரமா?" என்று மறுத்தால் டீசல் உங்களுடையது என்று சொல்லுங்கள். அப்போதும் மறுத்தால் அந்த மறுப்பே விடை.

ஏறும்போது வெப்பமுள்ளைக் கவனியுங்கள். பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஃபேன் இவற்றில் ஏதோ ஒன்று. எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள், வண்டி நிற்க வேண்டும். அங்கிருந்தே பின்னால் உருளாமல் கிளம்ப வேண்டும்.

இறங்கும்போது இரண்டாம் கியர் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவது தெரிய வேண்டும். கியர் தானாக நியூட்ரலுக்கு எகிறினால் அந்த வண்டி மலைக்கு ஆகாது. கியர்பாக்ஸ் வேலை முடிக்காமல் விலை பேசவும் வேண்டாம். நீண்ட இறக்கத்துக்குப் பின் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் நீலப் புகை குப்பென்று வந்தால் ரிங் அல்லது வால்வ் சீல். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, பெடல் கீழே போய் இரண்டாம் மிதியில்தான் பிடித்தாலோ பிரேக் முழுவதையும் பிரித்துச் செய்யும் செலவு உண்டு. அடிவாரத்தில் நிறுத்தி, தொடாமல், உள்ளங்கையைச் சற்று எட்ட வைத்து நான்கு சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கிலோமீட்டருக்கு எவ்வளவு?

மலிவு என்பது வாங்கும் நாளின் விலையில் தெரியாது. இரண்டு வருடம் வைத்திருந்து விற்பதாக ஒரு கணக்குப் போடுங்கள். கீழே உள்ளவை உதாரணத் தொகைகள். உங்கள் தொகைகளை வைத்துத் திரும்பப் போடுங்கள்.

வாங்கும் விலை 2,40,000. வாங்கியதும் டயர், பிரேக், கிளட்ச், பேட்டரிக்கு 60,000. இரண்டு வருட இன்சூரன்ஸும் எஃப்சியும் 50,000. இதில் மூன்றாம் நபர் இன்சூரன்ஸே பெரும்பங்கு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகைச் சரக்கு வண்டிக்கு 2022ல் அறிவித்த அடிப்படைக் கட்டணம் வருடத்துக்கு 16,049 ரூபாய். எதிர்பாராத பழுதுக்கு 50,000. மொத்தம் 4,00,000. கடைசியில் 1,50,000க்கு விற்றால் வண்டிக்காகப் போனது 2,50,000.

இரண்டு வருடத்தில் 36,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7 ரூபாய். லிட்டருக்கு 12 கிலோமீட்டர், டீசல் 93 ரூபாய் என்றால் டீசல் 7.75. ஆக 15 ரூபாய்க்குள். டிரைவர் சம்பளம் தனி. அதே வண்டி 12,000 கிலோமீட்டர் மட்டும் ஓடினால் வண்டிச் செலவே கிலோமீட்டருக்கு 21 ரூபாய், டீசலோடு ஏறக்குறைய 29.

இப்போது உங்கள் ஊரில் பிக்கப் வாடகை என்ன என்று கேளுங்கள். வருடத்தில் அறுவடைக் காலம் மட்டும் வண்டி தேவைப்படுபவருக்கு, மலிவு வண்டியைவிட வாடகை வண்டியே மலிவு. தினமும் ஓடி ஆக வேண்டியவருக்கு, நிற்கும் நாட்களின் நஷ்டம் மலிவைத் தின்றுவிடும். அதிகம் ஓடிய மலிவு வண்டி பொருந்துவது நடுவில் இருப்பவருக்கு: மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஓட்டம், பெரும்பாலும் சமவெளி, ஒரு நாள் தள்ளிப்போனாலும் கெடாத லோடு, கைக்கெட்டும் தூரத்தில் மெக்கானிக்.

இந்தக் கணக்கில் ஒரு வருமானத்தை மட்டும் சேர்க்காதீர்கள். பஸ் குறைவான மலைக் கிராமங்களில் சந்தைக்கும் கோயிலுக்கும் கூலி வேலைக்கும் பிக்கப்பில் ஆள் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் 2002லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கவிழ்ந்தால் இழப்பீடு உரிமையாளரின் நிலத்தின் மீது வரும். போகும் உயிருக்கு அதுவும் ஈடாகாது.

பணம் கைமாறும்போது

முன்பணம் சிறிதாக இருக்கட்டும். எழுத்தில் இருக்கட்டும்: வண்டி எண், சேஸ் எண், பேசிய விலை, பாக்கி தரும் நாள், எஃப்சியும் சலானும் யார் பொறுப்பு, காகிதத்தில் குறை தெரிந்தால் முன்பணம் திரும்ப வரும் என்ற வரி. மீதியை வங்கி வழியாக, ஆர்சியில் உள்ள பெயருக்கே அனுப்புங்கள்.

அன்றே படிவம் 29லும் 30லும் கையெழுத்து வாங்குங்கள். விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள். "பேரு மாத்தாமலே ஓட்டுங்க, அடுத்த எஃப்சியில பாத்துக்கலாம்" என்ற யோசனையை இருவருமே ஏற்கக் கூடாது. விபத்து நடந்தால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்பதை நவீன்குமார் வழக்கில் 2018ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. இந்த வாக்கியத்தைச் சொன்னால் விற்பவரே உங்களுக்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகத்துக்கு வந்து நிற்பார்.

முடிவு

சேஸ் கோளாறு, எண் திருத்தம், வெள்ளத்தில் நின்ற அடையாளம், தீராத அடமானம், மலையில் ஓட்டிக்காட்ட மறுப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். விலை பாதியானாலும் வேண்டாம்.

டயர், கிளட்ச், பிரேக், ஸ்பிரிங், பேட்டரி, எஃப்சி வேலை: இவை பேரத்துக்கு உரியவை. மெக்கானிக் சொல்லும் தொகையை எழுதிக் காட்டிக் கழியுங்கள். பேக் கம்ப்ரஷன் இருந்தால் முழு எஞ்சின் வேலைச் செலவைக் கழித்த பிறகும் விலை சரிவந்தால் மட்டும் பேசுங்கள்.

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுக்க வேண்டியிருந்தால், எல்லாச் சோதனையிலும் தேறிய வண்டியையும் வாங்காதீர்கள். விலையில் நான்கில் ஒரு பங்காவது தனியே கையில் நிற்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் பழைய வண்டி அதைக் கேட்கும். அது இல்லாதவர் வட்டிக்கு வாங்கித்தான் கிளட்ச் மாற்றுவார். அங்கிருந்து வண்டி அவருக்கு உழைக்காது, அவர் வண்டிக்கு உழைப்பார்.